தியாமிகே எழுதாத பரீட்சை

மே மாதம் வந்துவிட்டால் கோவில்பட்டியில் வெயில் ஒரு பக்கம் கண்ணைப் பறிக்கும், பள்ளிக்கூடங்கள் கட்டுகிற பிளக்ஸ் பேனர்கள் இன்னொரு பக்கம் பறிக்கும். பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு கம்பம் பாக்கி இருக்காது. நூறு சதவீதத் தேர்ச்சி என்று ஆள் உயர எழுத்து. அதற்குக் கீழே பாஸ்போர்ட் சைஸில் சிரிக்கிற பிள்ளைகள். போகிற வருகிற சனம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் தேறிவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒருத்தராவது கேட்கவேண்டுமே, கேட்கமாட்டார்கள்.

அந்த நூறு எப்படி நூறாகிறது என்று சுந்தரேஸ்வரி டீச்சருக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். கணக்கு சொல்லிக்கொடுத்தது பகலெல்லாம் நடந்த வேலை. பள்ளிக்கூடம் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது இன்னொரு வேலைக்காக.

அந்த வேலைக்கு ஆசிரியர் அறையில் ஒரு பெயர் உண்டு: களையெடுப்பு. அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் தேறமாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளைத் தனியாகப் பிரித்துவிடுவார்கள். அவர்களைப் பெற்றவர்களை ஆள் விட்டு வரச்சொல்வார்கள். இந்த வருஷம் எழுதவேண்டாம், டி.சி. வாங்கிக்கொண்டு போய் அடுத்த வருஷம் தனித்தேர்வராக எழுதட்டும் என்று பேசிச் சம்மதிக்க வைக்கவேண்டும். மற்ற டீச்சர்கள் பேசினால் சண்டை வரும். சுந்தரேஸ்வரி பேசினால் வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு நாக்கு அவளுக்கு.

“அண்ணாச்சி, பிள்ள மேல எனக்கு இல்லாத அக்கறையா?” என்று ஆரம்பிப்பாள், டீயைக் கையில் கொடுத்துவிட்டு. “இந்த வருசம் எழுதி ஃபெயிலாயிட்டான்னு வைங்க, ஊர் வாய உங்களால மூட முடியுமா? ஒரு வருசம் பொறுங்க. ஆற அமரப் படிச்சு எழுதட்டும். நான் சொல்லுதேன், நல்ல மார்க்கோட வருவா.”

அண்ணாச்சி தலையாட்டுவார். அவர் மகளோ மகனோ அடுத்த வருஷம் எழுதினார்களா என்று பள்ளிக்கூடம் விசாரித்ததில்லை. சுந்தரேஸ்வரியும் விசாரித்ததில்லை.

அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடக்கூடாது. சொன்னதை முழுசாக நம்பித்தான் சொன்னாள். பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஆடு மேய்க்கிற குடும்பத்தில் பிறந்தவள் அவள். அந்த ஊரிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் பெண்பிள்ளை. அவளுக்கு அடுத்துப் பிறந்த தங்கை வெயிலம்மாள் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிப்போனாள். அதன் பிறகு அந்த வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வந்தவன்கூட “இதுல ஃபெயிலான பிள்ள எது?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தான். வெயிலம்மாள் வாசலுக்கு வருவதையே விட்டாள். கடைசியில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். எழுதாத பிள்ளையை ஊர் ஒன்றும் கேட்பதில்லை, எழுதித் தோற்ற பிள்ளையைத்தான் சாகிறவரை கேட்கிறது என்று சுந்தரேஸ்வரி அன்றைக்குப் புரிந்துகொண்டாள். ஃபெயில் என்ற சொல் ஒரு பெண்பிள்ளை மேல் விழாமல் தடுத்துவிட்டால் போதும், அதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது என்பது அவள் முடிவு.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் ஆனந்திதான் விளையாட்டாக ஆரம்பித்து வைத்தாள். ஒரு தொண்டு நிறுவனம் ஆப்பிரிக்கப் பள்ளிகளுக்கு ஒரு வருஷத்துக்கு ஆசிரியர்களை அனுப்புகிறது, அனுபவம் உள்ளவர்களாகத் தேடுகிறார்கள் என்று போனில் ஒரு விளம்பரத்தை அனுப்பினாள். சம்பளம் கிடையாது, டிக்கெட்டும் தங்க இடமும் சாப்பாடும் உண்டு. ‘உனக்குத்தான்மா இது’ என்று கீழே ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. சுந்தரேஸ்வரி சிரிக்கவில்லை. இங்கே இத்தனை பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறோம், கொஞ்சம் அங்கேயும் போய்ச் செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது. கொஞ்சம் கர்வமும்தான். பேனரில் முகம் வராதே தவிர, அந்த நூறு தன்னுடையது என்று அவளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

கணவன் இராமச்சந்திரன் மணியாச்சி ஜங்ஷனில் ரயில்வே வேலையில் இருக்கிறவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் குத்தாமல் விடமாட்டார்.

“அம்புட்டு தூரம் போயி கணக்கு சொல்லிக் குடுக்கப் போறியாக்கும்? ஏன், இங்கன கணக்கு வராத பிள்ளைய தீந்து போச்சா?”

“இது சேவைங்க. ஒரு வருசந்தான்.”

“போயிட்டு வா. நான் வேண்டாம்னா நிக்கவா போற. அவியளையும் நூத்துக்கு நூறாக்கிப்புட்டு வந்துராத.”

அவர் கேலிக்குச் சொன்னார். அவள் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் பொன்னாடை போர்த்தி அனுப்பி வைத்தார்கள்.

மலாவி நாட்டின் தெற்குக் கோடியில், ஷீரே என்கிற ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளி. லாரி மாதிரி ஒரு வண்டியிலிருந்து இறங்கிக் காலைக் கீழே வைத்தவள் குனிந்து பார்த்தாள். கரிசல். வெடித்துக் கிடக்கிற அதே கறுப்பு மண். ஒரு பக்கம் பருத்தி போட்ட நிலம், இன்னொரு பக்கம் மக்காச்சோளம். “அடக் கருமமே, இதுக்கா ரெண்டு ஏரோப்ளேன் மாறி வந்தேன்” என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பில்தான் முதல் தப்பு இருந்தது. மண் ஒன்றாக இருக்கவே மனுஷரும் ஒன்றாகத்தான் இருப்பார்கள் என்று அவள் அன்றைக்கே நினைத்துக்கொண்டுவிட்டாள்.

நினைக்க வைக்கிற மாதிரியே எல்லாம் அமைந்தது. மக்காச்சோள மாவில் கிண்டிய களிதான் அங்கே சோறு. கம்பங்களி தின்று வளர்ந்தவளுக்கு அது இறங்குவதில் சிரமம் இல்லை. ஒரு வீட்டில் நல்லது கெட்டது என்றால் தாய்மாமன் சொல்தான் எடுபடும். பருத்தி வெடித்தால் வகுப்பு காலியாகும். தலைமையாசிரியர் ஃபிரி சார், ஒடிசலான மனிதர், அவளை விருந்தாளியாகவே கடைசிவரை நடத்தினார். தன் வீட்டில் நல்ல நாற்காலி ஒன்றுதான் இருக்க, அதை அவள் அறைக்கு அனுப்பிவைத்தார். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு அவள் எடுத்தாள். எட்டாம் வகுப்பு முடிவில் அங்கே அரசாங்கப் பரீட்சை. அதில் தேறினால்தான் மேல்பள்ளி.

தியாமிகே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள். நெடுநெடுவென்று வளர்ந்த பெண், பதினைந்து வயசு இருக்கும். சொல்லாமலே தினமும் காலையில் சுந்தரேஸ்வரியின் அறைக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். பின்னக் கணக்கு மட்டும் அவளுக்கு மண்டையில் ஏறாது. ஏறாவிட்டால் சில பிள்ளைகள் முகத்தைத் தொங்கப்போடும், சில பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதும். இவள் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு “இன்னொரு தடவை, மேடம்” என்பாள். மறுபடி சொல்லிக்கொடுத்தால் மறுபடி தப்பாகப் போட்டுவிட்டு மறுபடியும் அதையே சொல்வாள். சலிப்பு என்பதே கிடையாது. கோவில்பட்டியில் இப்படி ஒரு பிள்ளையைச் சுந்தரேஸ்வரி பார்த்ததில்லை. அங்கே ‘இன்னொரு தடவை’ கேட்கிற பிள்ளைக்கு வகுப்பில் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள்.

ஜனவரியில் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தாள். ஆறு பிள்ளைகள் தேறுகிற மாதிரி இல்லை. தியாமிகே அதில் ஒருத்தி. அவளுக்கும் கீழே ஜேம்ஸ் என்று ஒரு பையன். அரசாங்கப் பரீட்சைக்குப் பெயர் அனுப்பவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சுந்தரேஸ்வரி ஃபிரி சாரிடம் போய், இந்த ஆறு பேரும் இந்த வருஷம் எழுதவேண்டாம் என்றாள்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. “எட்டாம் வகுப்பில் இருக்கிறார்களே, மேடம். இங்கே எல்லோரும் எழுதுவார்கள். தேறாதவர்கள் அடுத்த வருஷம் வந்து உட்காருவார்கள், மறுபடியும் எழுதுவார்கள்.”

“தோற்றால் அந்தப் பிள்ளைகளின் மனசு என்னவாகும், சார்? நான் இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் அவர்கள் வீட்டில் பேசிக்கொள்கிறேன்.”

ஃபிரி சார் பட்டியலை வாங்கி அந்த ஆறு பெயரையும் ஒரு தடவை படித்தார். கடல் கடந்து, சம்பளம் வாங்காமல், தன் பள்ளிக்காக வந்திருக்கிற ஒரு மூத்த ஆசிரியை. அவள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது அவர் வளர்ந்த முறையில் கிடையாது. “உங்களுக்கு நல்லது என்று பட்டால் செய்யுங்கள்” என்றார். கோவில்பட்டியாக இருந்திருந்தால் இந்தப் பேச்சின் அடியில் ஒரு ‘வேண்டாம்’ இருக்கிறது என்று சுந்தரேஸ்வரியின் மூக்கு மோப்பம் பிடித்திருக்கும். அங்கே பிடிக்கவில்லை. அல்லது பிடித்தும் கண்டுகொள்ளவில்லை; இன்றைக்கு அவளுக்கே அது சரியாகத் தெரியவில்லை.

வீடு வீடாகப் போனாள். ஃபிரி சார் கூட வந்து மொழிபெயர்த்தார். ஜேம்ஸின் அப்பன் பருத்தி வியாபாரியிடம் மூட்டை தூக்குகிறவன். பாதி கேட்டதுமே எழுந்து நின்றுவிட்டான். “என் பையன் எழுதுவான். தோற்றால் தோற்கட்டும். அதற்கு உனக்கென்ன?” என்று கையை ஆட்டிப் பேசினான். இவ்வளவு மரியாதை கெட்டவனா என்று சுந்தரேஸ்வரிக்கு முகம் சிவந்தது. அவனோடு மல்லுக்கட்ட முடியாமல் ஜேம்ஸின் பெயரை விட்டுவிட்டாள்.

தியாமிகேயின் அம்மா அப்படியில்லை. பெரியவர்களைக் கண்டால் அந்த ஊர்ப் பெண்கள் மண்டியிட்டுத்தான் பேசுவார்கள். அவளும் மண்டியிட்டு, தலையைத் தாழ்த்தி, முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளங்கைகளை மெல்லத் தட்டி நன்றி சொன்னாள். பக்கத்தில் நின்றிருந்த தியாமிகே ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“என்னால் முடியாதா, மேடம்?”

சுந்தரேஸ்வரி அவள் கன்னத்தைத் தொட்டாள். எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லிப் பழகிய அதே குரலில், “இந்த வருஷம் முடியாதும்மா” என்றாள். “நான் உன்னைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். எனக்குத் தெரியும். அடுத்த வருஷம்.”

தியாமிகே சரியென்று தலையசைத்தாள். மறுநாள் காலையிலும் தண்ணீர்க் குடம் வந்தது.

மார்ச் மாதம்தான் அந்தப் பள்ளியின் வழக்கம் என்னவென்று சுந்தரேஸ்வரி கண்டாள். எழுதப்போகிற பிள்ளைகளெல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே குடிவந்துவிட்டார்கள். பரீட்சை முடிகிறவரை வீட்டு வேலை கிடையாது, தண்ணீர் சுமப்பது கிடையாது, தம்பி தங்கையைத் தூக்குவது கிடையாது. ஊர்ப் பெண்கள் முறை வைத்துச் சமைத்துப் போட்டார்கள். பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடின. ஒருத்தனுக்கு வராததை இன்னொருத்தி சொல்லிக்கொடுத்தாள். ஆசிரியர்கள் மாறி மாறி வந்து உட்கார்ந்தார்கள். கோவில்பட்டியில் ஜனவரியில் வராதது மார்ச்சிலும் வராது என்பது எழுதாத சட்டம். இங்கே படிப்பே பெயர் கொடுத்த பிறகுதான் ஆரம்பித்தது. ஜேம்ஸ் என்கிற அந்தத் தடியன், பின்னம் என்றால் என்ன என்று கேட்டவன், ஏப்ரலில் ஒரு மத்தியானம் பலகையில் போய் ஒரு கணக்கை முழுசாகப் போட்டுவிட்டுத் திரும்பினான். வகுப்பே மேசையைத் தட்டியது. சுந்தரேஸ்வரியும் தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே, ஜனவரிப் பரீட்சையில் அவன் தியாமிகேக்கும் கீழே இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அன்றைக்குச் சமையல் முறை தியாமிகேயின் அம்மாவுக்கு. களிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு தியாமிகே வந்தாள். இறக்கி வைத்துவிட்டு உடனே போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. எண்களைக் கூட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. சுந்தரேஸ்வரி வெளியே போய், “அடுத்த வருஷம் நீ உள்ளே உட்காருவாய்” என்றாள். உள்ளே வா என்று கூப்பிட்டிருக்கலாம். பெயர் அனுப்பியாகிவிட்டது உண்மைதான், ஆனாலும் உட்கார்ந்து கேட்பதற்குப் பெயர் எதற்கு? இதை நினைத்து அவள் பின்னால் எத்தனையோ நாள் வெந்திருக்கிறாள். கூப்பிட வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. எழுதுகிறவர்கள் உள்ளே, எழுதாதவர்கள் வெளியே என்று அவளுக்குள் ஒரு கோடு எப்போதோ விழுந்துவிட்டிருந்தது.

மே மாதம் பரீட்சை நடந்தது. ஜூனில் ஒரு நாள் தண்ணீர்க் குடம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சுந்தரேஸ்வரி ஃபிரி சாரையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள்.

தியாமிகேயின் அம்மா பருத்தியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் சந்தோஷமாக மண்டியிட்டாள். மகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள் என்றாள். தாய்மாமன் பார்த்து வைத்த பையன். மீன் பிடிக்கிற குடும்பம், நல்லவர்கள். ஒரு கோழியை வேறு பிடித்து டீச்சரிடம் நீட்டினாள்.

“அடுத்த வருஷம் எழுதலாம் என்று சொன்னேனே!” என்று சுந்தரேஸ்வரி கத்திவிட்டாள்.

அந்த அம்மா புரியாமல் ஃபிரி சாரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஏதோ சொன்னாள். ஃபிரி சார் அதைத் தமக்கே கூச்சமாக இருக்கிறது போல மொழிபெயர்த்தார். “பள்ளிக்கூடம் இந்தப் பிள்ளை போதும் என்று சொல்லிவிட்டதாகத்தான் அவர்கள் நினைத்திருக்கிறார்கள். பெரிய மேடமே வீடு தேடி வந்து சொன்னதால் மாமனிடம் வேறு பேச்சில்லை.”

திரும்பி நடக்கும்போது அவள்தான் விடாமல் கேட்டாள். நீங்கள் போய்ப் பேசியிருக்கக்கூடாதா, பதினைந்து வயசுப் பிள்ளையைக் கட்டிக்கொடுப்பது இந்த நாட்டுச் சட்டத்துக்கே விரோதம் இல்லையா என்று.

“விரோதம்தான். சேதி தெரிந்ததும் மாமனிடம் போனேன், மேடம். உங்களிடம் எப்படிச் சொல்ல என்றுதான் தெரியவில்லை” என்றார் ஃபிரி சார். “பெயர் கொடுத்த பிள்ளை என்றால் என்னால் நிறுத்தியிருக்க முடியும். பெயர் கொடுத்த பிள்ளையை முடிவு வருகிறவரை இங்கே யாரும் தொடமாட்டார்கள். தோற்றுப்போனால் மறுபடி பெயர் கொடுப்போம். அப்படித்தான் பதினெட்டு வயசு வரைக்கும் ஓட்டுவோம். பெயர் இல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு நான் மாமனிடம் என்ன சொல்ல?”

‘இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை’ என்று கேட்க வாயெடுத்தாள். அவர் சொன்னார் என்பது அப்போதுதான் உறைத்தது. இங்கே எல்லோரும் எழுதுவார்கள் என்று சொன்னாரே, அதுதான் இது. அவளுக்கு வழியெல்லாம் அழுகை வந்தது. அவர் பார்க்காதது போல முன்னே நடந்தார்.

அவள் ஊருக்குக் கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் முடிவு வந்தது. எல்லோரும் தேறிவிடவில்லை, தேறியவர்களில் ஜேம்ஸ் இருந்தான். அவன் அப்பன் ஆடிக்கொண்டே வந்து, பழைய சண்டையெல்லாம் மறந்து, சுந்தரேஸ்வரியின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான். எழுதாமல் நிறுத்தப்பட்ட மற்ற நான்கு பேரும் அடுத்த வருஷத்துக்குத் திரும்ப வந்து உட்காருவதாகச் சொன்னார்கள், வந்தும் உட்கார்ந்தார்கள். தியாமிகே ஒருத்திதான். ஒருத்திதானே என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள் சுந்தரேஸ்வரி. மரியாதை தெரியாதவன் பிள்ளை பிழைத்துக்கொண்டது, மண்டியிட்டுக் கேட்டவள் பிள்ளை போய்விட்டது. மனசு எப்படித் தேறும்?

கோவில்பட்டிக்குத் திரும்பியவளுக்குப் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் பொன்னாடை. அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் வாய்ப்பாட்டைப் பாடுவதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கைதட்டினார்கள்.

ஜனவரியில் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். “டீச்சர், நீங்க வந்து ஒரு வார்த்த பேசிருங்க. உங்க வாயால சொன்னாத்தான் பெத்தவுக கேக்காவ.”

“இனிமே என்னால முடியாது சார்” என்றாள். “பிள்ளைய எழுதட்டும். ஃபெயிலானா ஆகட்டும்.”

தாளாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஆப்பிரிக்கா போய் வந்து மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். அவளை வற்புறுத்தவில்லை. வற்புறுத்த அவசியமும் இல்லை. செல்வமாரி என்று ஒரு இளவயசு டீச்சர், சுந்தரேஸ்வரியின் மாணவியாக இருந்து அதே பள்ளியில் வேலைக்கு வந்தவள், டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த சுந்தரேஸ்வரிக்கு எல்லாம் காதில் விழுந்தது. “அண்ணாச்சி, பிள்ள மேல எனக்கு இல்லாத அக்கறையா?” வார்த்தை மாறாமல் அதே பேச்சு. குரல் மட்டும் இன்னும் கொஞ்சம் இனிப்பு. எழுந்து போய் நிறுத்தவேண்டும் என்று நினைத்தாள். யாரை நிறுத்துவது, என்ன சொல்லி நிறுத்துவது? அந்தக் கல்வியாண்டோடு வேலையை விட்டாள். அதனால் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்த வருஷமும் பேனர் கட்டினார்கள்.

வீட்டில் இருந்தபடி தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். இராமச்சந்திரன் அவளைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். அதுவே அவளுக்குத் தண்டனையாக இருந்தது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “அந்தப் பிள்ளகிட்ட ஒரு தடவ பேசிரேன்” என்றார். “உள்ளயே வச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு இப்படிக் கெடப்ப?”

“என்னத்தச் சொல்லிப் பேச?”

“தப்பு எம்பேர்லதான்னு சொல்லு. வேற என்னத்தச் சொல்லுவ.”

ஃபிரி சாருக்கு எழுதினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகும்போது கூப்பிடுகிறேன் என்றார் அவர். போன ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போனில் வீடியோ அழைப்பு வந்தது. கலங்கலாக ஒரு முகம். கன்னம் ஒட்டியிருந்தது, முதுகில் துணியால் கட்டிய குழந்தை. சிரிப்பு மட்டும் மாறவில்லை. பக்கத்தில் அவளைப் போலவே நெடுநெடுவென்று இன்னொரு பெண்.

“மேடம்! மேடம்!” என்று தியாமிகே கத்தினாள்.

சுந்தரேஸ்வரி ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள். உன்னை எழுதவேண்டாம் என்று நான் சொன்னது தப்பு, நீ எழுதியிருந்தால் தேறியிருப்பாய், உன் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான், என்னை மன்னித்துவிடு. இராமச்சந்திரன் எழுந்து வெளியே போய்விட்டார்.

தியாமிகே கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “மேடம் இன்னும் அப்படியே இருக்கிறீர்கள். என் மனசு நோகக்கூடாது என்று பேசுகிறீர்கள். எனக்குத் தெரியும், மேடம். எனக்குப் படிப்பு வராது. ஜேம்ஸுக்கு வரும் என்று நீங்கள் கண்டுபிடித்தீர்கள், எனக்கு வராது என்றும் கண்டுபிடித்தீர்கள். தோற்று அழாமல் என்னைக் காப்பாற்றினீர்கள்.”

“இல்லை, தியாமிகே. நான் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.”

அவள் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவளைப் பிடித்து போனுக்கு முன்னால் இழுத்தாள். “இது என் தங்கை மெமரி. ஃபிரி சாரோடு என்னைப் பார்க்க வந்திருக்கிறாள். இப்போது எட்டாம் வகுப்பு. அடுத்த வாரம் பெயர் கொடுக்கவேண்டும். இவளும் என்னைப் போலத்தான், பின்னம் வராது. மாமா வேறு வந்து போய்க்கொண்டிருக்கிறார். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் மேடம், எழுதலாமா, வேண்டாமா?”

“எழுதட்டும்” என்றாள் சுந்தரேஸ்வரி அவசர அவசரமாக. “கட்டாயம் எழுதட்டும்.”

“ஒரு கணக்குக்கூடக் கேட்கவில்லையே, மேடம்! கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.”

கேட்காமல் விடமாட்டாள் போலிருந்தது. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று சுந்தரேஸ்வரி கேட்டாள். மெமரி கண்ணை மூடி, விரலை மடக்கி, வெகு நேரம் யோசித்து, ஐந்தில் இரண்டு என்றாள்.

“தப்பு” என்றாள் சுந்தரேஸ்வரி. “தப்பாக இருந்தால் என்னம்மா? நீ பெயரைக் கொடு. போய் எழுது. வரவில்லையென்றால் அடுத்த தடவையும் எழுது.”

மெமரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். தியாமிகேயின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றுவிட்டது. அவள் போனைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

“தப்பாகச் சொன்னாலும் எழுதலாமா, மேடம்?”

தன்னால் முடியாது என்கிற ஒரு ஆறுதலை வைத்துக்கொண்டுதான் இந்தப் பெண் இத்தனை நாளும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடும்பம் நடத்தியிருக்கிறாள். தங்கையைக் காப்பாற்றப் போய் அதையும் பிடுங்கியாகிவிட்டது. சுந்தரேஸ்வரிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“எழுதலாம்” என்றாள்.

“யார் வேண்டுமானாலுமா?”

“யார் வேண்டுமானாலும்.”

“சரி, மேடம்” என்றாள் தியாமிகே. போனை ஃபிரி சாரிடம் கொடுத்துவிட்டு, முதுகில் சிணுங்கிய பிள்ளையைத் தட்டிக்கொண்டே அங்கிருந்து போய்விட்டாள்.